‘ரன்’ என்றாலே ஓட்டமா? ஒரு சின்ன ஆங்கிலச் சொல்லில் நாம் தவறும் இடங்கள்

தைப்பூசச் சமயத்தில் ‘ட்ரெய்ன்ஸ் வில் ரன் ஆல் நைட்’ என்று கொமுட்டர் நிலையத்தில் எழுதி ஒட்டியிருந்தால் நம்மவர்கள் யாரும் குழம்ப மாட்டார்கள். ராத்திரி முழுக்க ரயில் ஓடும், பத்துமலைக்கு எந்நேரமும் போகலாம். தமிழிலும் ரயில் ஓடத்தான் செய்கிறது. ‘ஜாலான் துன் சம்பந்தன் ரன்ஸ் த்ரூ பிரிக்ஃபீல்ட்ஸ்’ என்று வந்தால்தான் பிள்ளைகள் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். சாலை எப்படி ஓடும்? அது பிரிக்ஃபீல்ட்ஸ் வழியாகச் செல்கிறது என்றுதான் பொருள். அடுத்த வரியில் ‘ஹூ ரன்ஸ் திஸ் ஷாப்?’ என்று இருந்தால், ‘இந்தக் கடைக்கு யார் ஓடுகிறார்?’ என்று எழுதிவைப்பார்கள். செந்தூலில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் நான் படிவம் ஐந்து பிள்ளைகளிடம் மட்டுமல்லாமல், வேலைக்குப் போகும் பெரியவர்களிடமும் இதைப் பார்க்கிறேன்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியைத் திருத்தியபோது, இந்தச் சொல்லுக்கு வினையாக மட்டும் 645 பொருள் இருப்பதாகக் கணக்கு வந்தது. அந்தப் பகுதியைக் கவனித்த பீட்டர் கில்லிவருக்கு இந்த ஒரு சொல்லுக்கே ஒன்பது மாதம் பிடித்தது. அதற்கு முன் ‘செட்’ என்ற சொல்தான் முதலிடத்தில் இருந்தது.

நம்முடைய ‘ஓடு’ மட்டும் சும்மாவா? கூரையில் ஓடு, ஆமைக்கு ஓடு, அடியார் கையில் திருவோடு, ‘அம்மாவோடு போனேன்’ என்பதில் இன்னோர் ஓடு. இவற்றை நாம் யாரும் பட்டியல் போட்டுப் படித்ததில்லை. பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பார்த்துப் புரிந்துகொண்டோம். ‘ரன்’னையும் அப்படித்தான் பிடிக்க வேண்டும். அதனால் அகராதியில் இருக்கிற பொருள்களை வரிசையாக எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வதை முதலில் நிறுத்துங்கள். பிள்ளைகள் அடுத்த வாரமே மறந்துவிடுவார்கள், ஆங்கிலத்தின் மேல் வெறுப்பு மட்டும் தங்கிவிடும்.

பக்கத்துச் சொல்லில் எதைப் பார்ப்பது? தமிழில் வண்டி தானே போனால் ‘ஓடுகிறது’, ஒருவர் செலுத்தினால் ‘ஓட்டுகிறார்’. சொல்லின் உருவமே மாறிவிடுகிறது. மலாயிலும் ‘ஜாலான்’ (நட) என்பது ‘ஜாலான்கான்’ (நடத்து) ஆகிறது. ஆங்கிலத்தில் இந்த வசதி இல்லை. ‘தி மெஷின் ரன்ஸ்’ என்றால் இயந்திரம் ஓடுகிறது, ‘ஹி ரன்ஸ் தி மெஷின்’ என்றால் அவர் அதை ஓட்டுகிறார். இரண்டுக்கும் அதே ‘ரன்’. ஆகவே ‘ரன்’னுக்கு அடுத்து ‘எதை’ என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். கடை, நிறுவனம், வகுப்பு, சோதனை, கம்ப்யூட்டர் புரோகிராம் என்று ஏதாவது வந்து நின்றால், பெரும்பாலும் அது நடத்துவது அல்லது இயக்குவது. பந்தயமும் தூரமும் இதற்கு விலக்கு. பினாங்குப் பாலத்து மாரத்தானில் கலந்துகொண்டு ஓடியவரையும் ‘ரேன் தி மாரத்தான்’ என்பார்கள், அதை ஏற்பாடு செய்து நடத்தியவரையும் அப்படியே சொல்லலாம். முன்னும் பின்னும் வரும் வரிகளைப் படித்தால்தான் எது என்று தெரியும்.

கடை விஷயத்தில் ஒரு குழி இருக்கிறது. ‘கடை நல்லா ஓடுது’ என்றால் நமக்கு வியாபாரம் கொழிக்கிறது என்று பொருள். அதையே ‘மை ஷாப் இஸ் ரன்னிங்’ என்று வங்கியில் கடன் கேட்கும்போது சொன்னால், கடை இன்னும் மூடப்படவில்லை என்ற அளவில்தான் எதிரில் இருப்பவருக்குப் புரியும். லாபம் வருகிறது என்று சொல்ல ‘டூயிங் வெல்’ என்பதே போதும். படம் மட்டும் இரண்டு மொழியிலும் ஒரே மாதிரி ஓடுகிறது. ‘படம் 100 நாள் ஓடியது’ என்பதை ‘தி ஃபிலிம் ரேன் ஃபார் 100 டேஸ்’ என்று தயங்காமல் எழுதலாம்.

நான் அதிகமாகத் திருத்துவது ‘ரன் அவுட்’. நம் ஊரில் ‘பெட்ரோல் ஃபினிஷ் ஆல்ரெடி’ என்றால் எல்லோருக்கும் புரியும். தீர்ந்தது என்று பொருள்படும் மலாயின் ‘ஹாபிஸ்’ அப்படியே ஆங்கிலத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. மாமாக் கடையில் நண்பர்களோடு பேசும்போது அதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் நேர்முகத் தேர்விலும் அலுவலக மின்னஞ்சலிலும் ‘ரன் அவுட்’தான் கைகொடுக்கும். அதை எழுதும்போது ‘ஐ ரன் அவுட் பெட்ரோல்’ என்று ‘ஆஃப்’பை (of) விட்டுவிடுகிறார்கள். தமிழில் ‘எனக்கு பெட்ரோல் தீர்ந்துபோச்சு’ என்று சொல்வதால், தீர்ந்தது யார், எது என்பதில் தடுமாற்றம் வருகிறது. ஆளை முதலில் வைத்தால் ‘ஐ ரேன் அவுட் ஆஃப் பெட்ரோல்’, பெட்ரோலை முதலில் வைத்தால் ‘தி பெட்ரோல் ரேன் அவுட்’. ஆள் இருந்தால் ‘ஆஃப்’ வேண்டும், பொருள் இருந்தால் வேண்டாம். இதை எங்கள் வகுப்பில் சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். ‘ரன்னிங் லேட்’டும் ‘ரன்னிங் அவுட் ஆஃப் டைம்’மும் ஒன்று என்று நினைப்பவர்களும் உண்டு. முதலாவது, தாமதமாகிவிட்டது. இரண்டாவது, கையில் இருக்கும் நேரம் தீர்ந்துகொண்டு வருகிறது.

விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாத இடம் சாலை விபத்து. மலேசியாவில் விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் கொடுக்க வேண்டும். அது மலாயில் எழுதப்படும். அப்புறம் காப்புறுதிக்கும் முதலாளிக்கும் ஆங்கிலத்தில் விளக்கம் எழுத வேண்டி வரலாம். அங்கே ‘ரன் இன்டு’ என்றால் மோதுவது. ‘ரன் ஓவர்’ என்றால் சக்கரம் மேலே ஏறிவிட்டது. ‘தி மோட்டார்சைக்கிள் ரேன் இன்டு மீ’ என்றால் மோட்டார்சைக்கிள் வந்து உங்கள் மேல் மோதியது. ‘ஐ ரேன் ஓவர் தி மோட்டார்சைக்கிள்’ என்று எழுதினால், நீங்களே அதன் மேல் காடியை ஏற்றியதாக ஒப்புக்கொள்கிறீர்கள். யாரை முதலில் வைக்கிறோம், இன்டுவா ஓவரா என்ற இரண்டையும் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருமுறை சத்தமாகப் படித்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் ‘ஹிட்’ என்ற சொல்லை வைத்து எழுதிவிடுங்கள், அதில் குழப்பம் குறைவு. ‘ஹிட் அண்ட் ரன்’ மட்டும் நமக்குத் தானாகப் புரிகிறது. மலாயின் ‘லங்கார் லாரி’யும் (langgar lari) அதேதான், மோதிவிட்டு ஓடுவது.

இதே ‘ரன் இன்டு’ மஸ்ஜித் இந்தியாவில் பழைய ஆசிரியரைத் தற்செயலாகப் பார்த்ததற்கும் வரும். யாரும் யாரையும் இடிக்கவில்லை. ‘ரன் ஓவர் தி நோட்ஸ்’ என்றால் குறிப்புகளை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது. ‘தி மீட்டிங் ரேன் ஓவர்’ என்றால் கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டிவிட்டது.

கிளினிக்கில் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) வாங்கப் போகும்போது ‘ஐ ஆம் ரன்னிங் ஃபீவர்’ என்கிறார்கள். நடுவில் ஒரு ‘எ’ வேண்டும். ‘ரன்னிங் நோஸ்’ என்று நாம் எல்லோரும் சொல்லிப் பழகியிருக்கிறோம், ‘ரன்னி நோஸ்’ என்பதுதான் பொது வழக்கு. இனிப்புநீர் நோய் பரம்பரையில் இருந்தால் ‘இட் ரன்ஸ் இன் தி ஃபேமிலி’. இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். காலையில் தித்திவங்சா ஏரியைச் சுற்றி ஓடிவிட்டு வந்தால் ‘ஐ வென்ட் ஃபார் எ ரன்’. ‘ஐ ஹேவ் தி ரன்ஸ்’ என்றால் வயிற்றுப்போக்கு. பன்மையும் முன்னால் ‘தி’யும் சேர்ந்ததும் பொருள் அடியோடு மாறிவிடுகிறது.

துணிக்கடையில் ‘கலர் ரன்’னும் ‘கலர் ஃபேட்’டும் வேறு. முதலாவதில் சாயம் இறங்கிப் பக்கத்துத் துணியில் ஒட்டும். இரண்டாவதில் நிறம் வெளுக்கும். பட்டோ பாத்தேக்கோ வாங்கும்போது கேட்க வேண்டியது முதல் கேள்வி.

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு சொல். ‘ரன் திஸ் பை ஹெர்’ என்று மேலதிகாரி சொன்னால், அவசரமாக ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வருவது போதாது. அவரிடம் காட்டி, அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்டு வர வேண்டும். ‘ட்ரை ரன்’ (dry run) என்பது ஒத்திகை. ‘ரன் டவுன்’ இன்னும் வழுக்கும். ‘ஐ ஃபீல் ரன் டவுன்’ என்றால் உடம்பு ஓய்ந்துபோயிருக்கிறது. இரண்டையும் ஒட்டி ஒரே சொல்லாக ‘எ ரன்டவுன்’ என்றால் நிகழ்ச்சியின் சுருக்க விவரம். சக ஊழியரை ‘ரன் டவுன்’ செய்வது அவரைத் தாழ்த்திப் பேசுவது.

தேர்தல் செய்தியில் ஒரு விசித்திரம் இருக்கிறது. நாம் தேர்தலில் ‘நிற்கிறோம்’. பிரிட்டிஷ்காரர்களும் ‘ஸ்டாண்ட்’ என்பார்கள். அமெரிக்கர்கள் ‘ரன்’ என்பார்கள். எல்லாம் ஒரே செயல்தான்.

கடைசியாக இலக்கணம். எஸ்.பி.எம். கட்டுரைகளில் ‘ஹேஸ் ரேன்’ என்று எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை. ‘ரேன்’ என்பது நேற்று நடந்ததைச் சொல்லும் வடிவம் மட்டும். ‘ஹேஸ்’, ‘ஹேவ்’, ‘ஹேட்’ வந்தால் மறுபடியும் ‘ரன்’ ஆகிவிடும். ‘கம்’, ‘கேம்’, ‘கம்’ இதே பாதையில்தான் போகிறது. ‘பிகம்’மும் அப்படித்தான். வீட்டில் சொல்லிக்கொடுக்கும் பெற்றோர்கள் இந்த மூன்றையும் ஒரே நாளில் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். ஒன்று பிடிபட்டால் மற்ற இரண்டும் கூடவே வந்துவிடும்.