பட்டாளத்திலும் தீயணைப்பிலும் இருந்த அப்பாவைப் பற்றி எழுதுவது எப்படி

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒரு பக்கம் எழுத வேண்டும் என்றால் முதலில் அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறங்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பட்டாளத்தில் சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் இருக்கும். பதக்கத்தின் விளிம்பைத் துணியால் துடைத்துப் பார்த்தால் அவருடைய பட்டாள எண்ணும் பெயரும் பொறித்திருக்கும், அதைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. 1971 போரில் இருந்தார் என்று எழுதுமுன் தேதியைச் சரிபாருங்கள், அந்தப் போர் டிசம்பர் 3 முதல் 16 வரைதான்.

அப்புறம் அவரோடு தீயணைப்பு வண்டியில் போனவர்களை நேரில் போய்ப் பாருங்கள். போனில் கேட்டால் "நல்ல மனுஷன்" என்பதோடு முடிந்துவிடும். கோடையில் எரிந்த கூரை வீடு, வைக்கோல் போர், கிணற்றில் விழுந்த மாடு, கொள்ளிடத்தில் வெள்ளம் வந்த இரவு என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பறித்த பள்ளித் தீயைப் பார்த்தவர்கள் என்றால், அவர்களாகப் பேசும்வரை பொறுங்கள். என் அப்பா அதைப் பற்றி வாயே திறந்ததில்லை, ஆனால் அதற்கப்புறம் கீற்றுப் பந்தல் போட்ட எந்தக் கல்யாணத்திலும் ஒரு வாளித் தண்ணீரோடு அடுப்புப் பக்கமே நிற்பார். அதைத்தான் முதல் வரியாக எழுதினேன்.

அச்சுக்குக் கொடுக்குமுன் அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள், விட்டுப்போனதை அவர்தான் சொல்வார்.