வேஷத்தை வைத்துச் சண்டை போடுவது எப்படி

கடலூர் முதுநகரில் கூத்துக்கும் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கும் அரிதாரம் பூசியே முப்பது வருஷம் ஓட்டியவன் நான். என் தம்பி மகள் மஞ்சக்குப்பத்தில் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறாள். நாங்கள் இருவரும் உட்கார்ந்தால் ‘ஃபேஸ் ஆஃப்’தான். அமெரிக்காவில் சைஃபை சேனலில் 2011 முதல் 2018 வரை 13 சீசன் வந்த வேஷப் போட்டி. சும்மா “நல்லாருக்கு”, “நல்லால்ல” என்று கத்தினால் பத்து நிமிஷத்தில் அலுத்துவிடும். சண்டைக்கும் ஒரு முறை வேண்டும்.

முதலில், நடுவர்கள் வாய் திறப்பதற்கு முன் நிகழ்ச்சியை நிறுத்திவிடுங்கள். நடுவர்களில் ஒருவரான வீ நீல், மேக்கப்புக்காக மூன்று ஆஸ்கர் வாங்கிய அம்மா. அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அப்புறம் நம் கண் அதை மட்டும்தான் பார்க்கும். யார் முதல், யார் கடைசி என்று துண்டுச் சீட்டில் எழுதி மடித்து வையுங்கள். பிறகு அடித்துத் திருத்தினால் அன்றைக்கு டீ போடுவது உங்கள் வேலை.

அடுத்து ஓரம். முக அமைப்பை மாற்ற ஒட்டிய செயற்கைத் துண்டு எங்கே முடிகிறது, தோல் எங்கே ஆரம்பிக்கிறது என்று தேடுங்கள். கண்ணுக்குக் கீழே, மூக்கு மடிப்பில், வாய்க் கோடியில் பார்த்தால் போதும். கள்ளம் அங்கேதான் வெளிப்படும். ஆனால் சரக்கு என்னவென்று தெரியாமல் திட்டாதீர்கள். சிலிக்கோன் துண்டுக்கு மெல்லிய பிளாஸ்டிக் ஓரம் வைத்திருப்பார்கள்; அசிட்டோனோ ஆல்கஹாலோ தொட்டுத் தடவினால் அது கரைந்து தோலோடு போய்விடும். பஞ்சு மாதிரி ரப்பரான ஃபோம் லேடெக்ஸ் அப்படிக் கரையாது. வார்க்கும்போதே ஓரம் காகிதமாக இருக்க வேண்டும், மிச்சத்தைப் பசை வைத்துத்தான் மறைக்க வேண்டும். சிலிக்கோனில் ஓரம் தெரிந்தால் நான் விடவே மாட்டேன். ஃபோமில் தெரிந்தால் பாதி மன்னிப்பு.

வியர்வையையும் கணக்கில் எடுங்கள். ஒரு சித்திரை மாதம் கோயில் நாடகத்தில் ஒருவன் கன்னத்தில் ஜெலட்டின் புண் ஒட்டினேன். உடம்புச் சூட்டிலேயே இளகும் சரக்கு அது, மேலே ஃபோகஸ் லைட் வேறு. இரண்டாம் காட்சியில் புண் தாடைக்கு இறங்கிவிட்டது. ஜனம் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அதிலிருந்து, துண்டு கிளம்பிவிட்டது என்று எந்தப் போட்டியாளரையும் என்னால் மனதாரத் திட்ட முடிவதில்லை. “உங்க ஜெலட்டின் கதையை விடுங்க பெரியப்பா” என்பாள் அவள். அதுவும் சரிதான்.

கொடுத்த தலைப்புக்கு வேஷம் பொருந்துகிறதா என்பதை ஒரே வரியில் முடித்துக்கொள்ளுங்கள். அதைப் பேசினால் விடியாது.

அப்புறம் சத்தத்தை அணைத்துவிட்டு, வேஷம் போட்டவர் நடப்பதைப் பாருங்கள். நிற்கும்போது பயங்கரமாக இருந்த அரக்கன் வாயைத் திறந்ததும் ரப்பர் பொம்மையாகிவிடுவான். துண்டை வார்க்கும் அச்சு உடைந்து அரை நாள் போனவரை, நேரம் முழுசாகக் கிடைத்தவரோடு ஒப்பிடலாமா என்பதையும் இங்கேயே பேசிவிடுங்கள். ஃபோமை அடித்து ஊற்றி அடுப்பில் மணிக்கணக்காக வேகவைக்க வேண்டும். ஒருமுறை கெட்டால் மறுமுறைக்கு நேரம் கிடைப்பது அபூர்வம். ஒப்பிடக் கூடாது என்பேன் நான். முகூர்த்தம் யாருக்காகவும் தள்ளிப்போகாது என்பாள் அவள்.

வண்ணத்துக்கு வரும்போது உங்கள் தொழில் புத்தியை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். கூத்தில் கடைசி வரிசைக்காரனுக்கும் கண்ணும் புருவமும் தெரிய வேண்டும், அதனால் எனக்கு அழுத்தமான கோடு பிடிக்கும். அவளுக்கு கேமரா மூக்குக்கு நேரே வந்தாலும் பூசியது தெரியக் கூடாது.

போன வாரம் சீட்டைப் பிரித்தோம். இருவரும் ஒரே பச்சை முகத்தைத்தான் எழுதியிருந்தோம். அவள் முதல் இடத்தில், நான் கடைசியில். இரவு பதினொன்றுக்கு அந்தக் கழுத்து மடிப்பை நான்காவது முறையாக ஓடவிட்டோம்.