நீளமான கமெண்டை எடிட்டரிடம் மடிக்கக் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கடைவீட்டு மாடியில் உட்கார்ந்து செம்பனை ஆலைக்கு எடைமேடை நிரல் எழுதும் பிள்ளைகளிடம் பார்த்த பழக்கம் இது. கமெண்ட் வரி, அதாவது நிரலுக்குள் மனிதர் படிக்க எழுதும் குறிப்பு, திரையைத் தாண்டிப் போனால், முழுக் கோப்பையும் தேர்ந்தெடுத்து ஒரே விசையில் மடித்துவிடுவார்கள், அதாவது சிறு வரிகளாக உடைத்துவிடுவார்கள். எடிட்டருக்கு எடிட்டர் விசை வேறு: விம்மில் ஜி-கியூ, ஈமேக்ஸில் மெட்டா-கியூ, விஎஸ் கோடில் ரீராப் நீட்சி போட்டிருந்தால் ஆல்ட்-கியூ. நிரல் ஓடுகிறது, யாரும் கவனிப்பதில்லை. ஆறு மாதம் கழித்து கமெண்டை நம்பி ஒருவர் கணக்கை மாற்றும்போதுதான் வினை தெரியும்.

மடிக்கும் கருவிக்கு உரைநடை மட்டும்தான் தெரியும். அடுத்தடுத்து வரும் கமெண்ட் வரிகளை ஒரே பத்தி என்று எடுத்துக்கொண்டு, சொற்களை வரிசையாக அடுக்கி, அளவு வந்ததும் உடைக்கும். ஆனால் கமெண்டில் பாதி உரைநடையே இல்லை. இதைப் பாருங்கள்:

// பழுத்த குலை : முழு விலை
// பச்சைக் குலை : கழிவு உண்டு
// அழுகல் : திருப்பி அனுப்பு

மடித்த பிறகு:

// பழுத்த குலை : முழு விலை பச்சைக் குலை : கழிவு உண்டு அழுகல் :
// திருப்பி அனுப்பு

இதை அவசரத்தில் படிப்பவருக்குப் பச்சைக் குலைக்கு முழு விலை. ஆலை வாசலில் இதை வைத்து ஒரு சண்டையே போடலாம்! அட்டவணை, கோட்டுப் படம், தற்காலிகமாக கமெண்ட் ஆக்கி வைத்த பழைய நிரல், உரிம வாசகம் ஆகியவற்றை மடிக்கும் தேர்வுக்குள் கொண்டுவரவே கூடாது. பழைய நிரலை மடித்துவிட்டால், கமெண்ட் குறியை எடுத்தபின் அது திரும்ப ஓடும் என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். பைத்தானில் இடைவெளிக்கே பொருள் உண்டு, கேட்கவே வேண்டாம்.

“அண்ணே, எடிட்டர்தானே செஞ்சுச்சு, நான் ஒண்ணும் தொடலையே” என்பார்கள். தம்பி, பத்தியைத் தேர்ந்தெடுத்தது நீதானே. விம்மில் ஜி-கியூ-ஐ-பி அடித்தால், மேலும் கீழும் வெற்று வரி இருக்கும் வரை, அந்தப் பத்தி மட்டும் மடியும், அது போதும். விம்மின் ஃபார்மேட் ஆப்ஷன்ஸ் அமைப்பில் ‘ஏ’ எழுத்தைச் சேர்த்துவிட்டால் தட்டத் தட்டப் பத்தி தானே மடிந்துகொண்டே போகும். கட்டுரை எழுத நல்லது, நிரலுக்கு ஆகாது. ‘என்’ எழுத்தைச் சேர்ப்பது நல்லது, எண்ணிட்ட பட்டியலை அது அடையாளம் கண்டுகொள்ளும்.

இதைவிட நுணுக்கமான ஆபத்து, உடைந்த வரி எந்த எழுத்தில் தொடங்குகிறது என்பது. ‘நிகர எடை = மொத்த எடை - லாரி எடை’ என்ற கமெண்ட், கழித்தல் குறிக்கு முன்னால் உடைந்தால் அடுத்த வரி ‘- லாரி எடை’ என்று தொடங்கும். கமெண்டிலிருந்து ஆவணப் பக்கம் உருவாக்கும் டாக்ஸிஜன் அதைப் பட்டியல் புள்ளியாக எடுத்துக்கொள்ளும். ஆவணப் பக்கத்தில் கழித்தலே காணாமல் போய், மொத்த எடைதான் நிகர எடை என்று நிற்கும். சூத்திரத்தைத் தனி வரியில், நிரல் துண்டாகக் குறித்து வைப்பதுதான் வழி.

கருவிகளுக்காக எழுதிய கமெண்டும் உண்டு. பைத்தானில் குறை சொல்லும் கருவியான ஃபிளேக்8-ஐ வாயடைக்க வரிக் கடைசியில் வைக்கும் ‘நோக்யூஏ’ அடுத்த வரிக்கு நகர்ந்தால் பழைய வரிக்கு வேலை செய்யாது. கோ மொழியில் ‘கோ:பில்டு’ போன்ற கட்டளைகளில் இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு இடைவெளி வந்தாலே அது வெறும் கமெண்ட். சி++ நிரலை ஒழுங்குபடுத்தும் கிளாங்-ஃபார்மேட்டில் ‘கமெண்ட் பிராக்மாஸ்’ என்ற அமைப்பில் இப்படிப்பட்ட வரிகளின் வடிவத்தைச் சொல்லிவைக்கலாம். ‘கிளாங்-ஃபார்மேட் ஆஃப்’ என்று எழுதி ஒரு பகுதியையே பூட்டலாம். அதன் எல்எல்விஎம் பாணியில் 80 எழுத்து அகலத்தைத் தாண்டும் கமெண்டை மடிப்பது இயல்பாகவே இயங்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதேபோல் நிரலை ஒழுங்குபடுத்தும் பிளாக்கும் பிரெட்டியரும் கமெண்டை மடிக்காமல் விட்டுவிடும். அது எனக்குச் சரியாகவே படுகிறது.

வரி அளவைப் பேசி வைக்காமல் மடிப்பது இன்னொரு வம்பு. ஈமேக்ஸின் இயல்பு அளவு 70. விம்மில் ஒன்றும் சொல்லாவிட்டால் திரை அகலம், அதிகபட்சம் 79. பைத்தானின் எழுத்து நடை வழிகாட்டியான பெப்-8 நிரலுக்கு 79 என்றும் கமெண்டுக்கு 72 என்றும் சொல்கிறது. மேசைக்கொரு எடிட்டர் இருந்தால் ஒருவர் மடித்ததை மற்றவர் மடித்துக்கொண்டே இருப்பார்.

நாம் தமிழில் கமெண்ட் எழுதும்போது இது இன்னும் மோசம். ‘பழுத்த’ என்பது கண்ணுக்கு 4 எழுத்து. யூனிகோடில் 6 குறிகள். யூடிஎஃப்-8இல் 18 பைட். பைட்டை எண்ணும் கருவி 80இல் உடைத்தால் தமிழில் 26 குறிகளுக்கு மேல் ஒரு வரியில் நிற்காது. மூன்று மூன்று சொல்லாகத் துண்டு துண்டாக இறங்கும் தமிழ்க் கமெண்டைப் பார்த்தால், எழுதியவரைத் திட்டாமல் கருவியைச் சந்தேகப்படுங்கள்.

மடிப்பையும் வேலையையும் ஒரே கமிட்டில், அதாவது கிட்டில் ஒன்றாகப் பதியும் மாற்றத்தில், போடாதீர்கள். கழிவு விகிதத்தில் ஓர் எண் மாறியிருக்கும், அதைச் சுற்றி நூறு கமெண்ட் வரி சிவப்பும் பச்சையுமாக நிற்கும். சரிபார்ப்பவர் அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பார்? மடிப்பு மட்டும் உள்ள கமிட் தனியாக இருந்தால், கிட் 2.23 முதல், எந்த வரியை யார் மாற்றினார் என்று காட்டும் ‘பிளேம்’ பார்க்கும்போது அதைத் தாண்டிப் போகச் சொல்லலாம். அப்படிப்பட்ட கமிட்டுகளின் எண்களை ஒரு கோப்பில் எழுதி, ‘பிளேம்.இக்னோர்ரெவ்ஸ்ஃபைல்’ அமைப்பில் அதன் பெயரைக் கொடுத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் தட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்த அமைப்பை ஒவ்வொருவரும் தத்தம் கணினியில் போட வேண்டும், ரெப்போவை இழுத்தால் தானாக வராது.