ஜப்பானில் எந்தக் கடையில் என்ன சாப்பிடலாம்?

ஜப்பானில் பெரும்பாலான கடைகள் ஏதாவது ஒரு வகைச் சாப்பாட்டில்தான் கவனம் வைக்கும். அதனால் கடையை முதலில் தேர்ந்தெடுங்கள். வாசலில் நோரென் என்ற துணித்திரை தொங்கினால் கடை திறந்திருக்கிறது.

ராமென் என்ற நூடுல்ஸ் சூப் விற்கும் கடைகள் பலவற்றில் நுழைந்ததும் டிக்கெட் மெஷின் நிற்கும். பணம் போட்டு, வேண்டியதை அழுத்தி, சீட்டைக் கவுண்டரில் கொடுத்துவிட்டு உட்கார வேண்டியதுதான். பழைய மெஷின்கள் பெரிய நோட்டை வாங்காது. 1,000 யென் நோட்டுகள் கையில் இருக்கட்டும். ஃபுகுவோகா நகரின் ஹகாட்டா பகுதிப் பாணிக் கடையென்றால் சூப்பை மிச்சம் வையுங்கள். 'கயேதமா' என்று கேட்டால், கொஞ்சம் கூடுதல் காசுக்கு அதே கிண்ணத்தில் இன்னொரு பிடி நூடுல்ஸ் போடுவார்கள். சூடு ஆறுவதற்குள் கேட்டுவிடுங்கள்!

சுழலும் பெல்ட் சுஷிக் கடைகளில் பெரும்பாலும் தட்டின் நிறம்தான் விலை. இசகாயாவில் மதுவோடு சின்னச் சின்ன பதார்த்தங்கள் கிடைக்கும். அங்கே கேட்காமலே முதலில் வரும் சிறு கிண்ணம் ஓதோஷி. அதற்கும் பில்லில் காசு உண்டு, தகராறு வேண்டாம். வயிறு நிறைய, செலவு குறைய வேண்டுமா? மதிய நேர தெய்ஷோகுதான் என் சிபாரிசு: சோறு, மீசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப், ஊறுகாய், கூடவே ஒரு மீனோ இறைச்சியோ.

சைவக்காரர்கள் கவனிக்க: காய்கறி போட்ட உதோன், சோபா என்ற நூடுல்ஸ் வகைகளின் குழம்பில்கூட வழக்கமாக மீன் சாறு இருக்கும். கோயாசான் மலைக் கோயில் விடுதிகளில் கிடைக்கும் ஷோஜின் ரியோரி இறைச்சி, மீன் கலக்காத புத்தமடச் சாப்பாடு. அங்கே நிம்மதியாகச் சாப்பிடலாம்.