ஒருவருக்கு மட்டும் ஒரு கிண்ணம் கேக்: பாக்கெட் மிக்ஸில் நடக்கும் தவறுகள்

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சூடாக ஏதாவது இனிப்பு வேண்டும் போலிருக்கும். ஒரே ஒருவருக்காக வெண்ணெய் குழைத்து, மாவு சலித்து முழுக் கேக் செய்ய மனம் வராது. அலமாரியில் ஒரு கேக் மிக்ஸ், ஃப்ரீசரில் ஒரு பஃப் பேஸ்ட்ரி ஷீட், ஒரு டின் பழம் இருந்தால் போதும், அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் இப்படிச் செய்யும்போதுதான் பலருக்கும் கேக் ரப்பராகிறது, அடி வேகாமல் ஒட்டிக்கொள்கிறது. பாக்கெட்டின் பின்பக்கம் அச்சடித்திருக்கும் அளவும் நேரமும் பெரிய ட்ரேக்கானவை. நாம் செய்வது ஒரு சின்னக் கிண்ணம். கணக்கு இடிப்பது இங்கேதான்.

முதலில் முட்டை. பல மிக்ஸ்களில் ஒரு முழு பாக்கெட்டுக்கு 3 முட்டை என்று போட்டிருக்கும். ஒருவருக்கு 40 கிராம் மிக்ஸ் தாராளம். 400 கிராம் பாக்கெட் என்றால் இது பத்தில் ஒரு பங்கு. அப்படியானால் முட்டையும் பத்தில் ஒரு பங்குதான் வேண்டும். ஓடு நீக்கிய ஒரு முட்டை சுமார் 50 கிராம் இருக்கும். மூன்று முட்டையில் பத்தில் ஒரு பங்கு 15 கிராம், அதாவது ஒரே ஒரு மேசைக்கரண்டி. அந்த இடத்தில் முழு முட்டையை உடைத்து ஊற்றினால் கேக் வருமா? முட்டை வாடையோடு ஆம்லெட் மாதிரி இறுகித்தான் வரும். நானும் பல கிண்ணங்களை இப்படி வீணாக்கிய பிறகுதான் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். இப்போது முட்டையைத் தனியாக நன்றாக அடித்து, அதிலிருந்து ஒரு மேசைக்கரண்டி மட்டும் எடுக்கிறேன். அதனுடன் ஒன்றரை மேசைக்கரண்டி பால், 2 தேக்கரண்டி எண்ணெய். மிச்ச முட்டையை ஃப்ரிட்ஜில் மூடி வைத்தால் மறுநாள் காலைக்கு ஆகும்.

மிக்ஸைக் கரண்டியால் அள்ளாமல் எடை போட்டு எடுப்பது நல்லது. குவித்து அள்ளும்போது ஒவ்வொரு தடவையும் அளவு மாறும். பெரிய ட்ரேயில் 10 கிராம் கூடினால் தெரியாது, 40 கிராமில் அது கால்வாசி. எடுக்கும் முன் பாக்கெட்டை நன்றாகக் குலுக்கிக் கொள்ளுங்கள். சர்க்கரையும் பேக்கிங் பவுடரும் மாவும் எல்லா இடத்திலும் சமமாகக் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. திறந்த பாக்கெட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஈரம் பட்டால் பேக்கிங் பவுடரின் வேகம் போய்விடும்.

அடுத்தது சூடு. ஓவன் விளக்கு அணைந்தவுடன் கிண்ணத்தை உள்ளே வைத்துவிடுகிறோம். அப்போது உள்ளே காற்றுதான் சூடாகியிருக்கும், சுவர்கள் இன்னும் சூடேறியிருக்காது. கதவைத் திறந்ததும் அந்தச் சூடும் வெளியே போய்விடும். 180 டிகிரி செல்சியஸில் குறைந்தது 15 நிமிடம் காய விடுங்கள். ஓவன் காய்ந்த பிறகு மாவைக் கலக்குங்கள், கலந்ததும் உடனே உள்ளே வையுங்கள். ஈரம் பட்ட நொடியிலிருந்தே பேக்கிங் பவுடர் வேலை செய்யத் தொடங்கிவிடும், காத்திருந்தால் குமிழ்கள் வீணாகும். கிண்ணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம்.

பாக்கெட்டில் 30 நிமிடம் என்றிருந்தாலும் 12ஆம் நிமிடத்திலேயே குச்சியால் குத்திப் பாருங்கள். பெரும்பாலும் 15 முதல் 20 நிமிடத்துக்குள் வெந்துவிடும். குச்சியில் இரண்டு மூன்று ஈரத் துணுக்குகள் ஒட்டியிருக்கும்போதே எடுத்துவிடலாம், மிச்ச வேக்காட்டைக் கிண்ணத்தின் சூடே பார்த்துக்கொள்ளும். ஏர் ஃப்ரையர் என்றால் 10, 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். அதன் விசிறி மேல்பகுதியைச் சீக்கிரம் கருக்கிவிடும்.

பஃப் பேஸ்ட்ரி தனி உலகம், அதற்குக் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். மாவும் வெண்ணெயும் மாறி மாறி அடுக்கப்பட்டது அது. பழைய முறைப்படி மூன்றாக மடிப்பதை ஆறு தடவை செய்தால் 729 அடுக்கு வரும். ஓவன் சூட்டில் ஈரம் ஆவியாகி அந்த அடுக்குகளைத் தூக்குவதால்தான் அது உப்புகிறது. ஆகவே ஓவனுக்குள் போகும்வரை வெண்ணெய் உருகக் கூடாது. அவசரப்பட்டு ஷீட்டை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் வெண்ணெய் மாவுக்குள் இறங்கிவிடும், அப்புறம் கிடைப்பது எண்ணெய் கோத்த தட்டை ரொட்டிதான். ஃப்ரிட்ஜுக்குள்ளேயே மெதுவாக இளக விடுங்கள். மடித்தால் உடையக் கூடாது, தொட்டால் சில்லென்றிருக்க வேண்டும், அதுதான் பதம்.

ஒருவருக்கு 10 செ.மீ. சதுரம் ஒன்று போதும். அதற்காக முழு ஷீட்டையும் இளக வைத்து மிச்சத்தை மறுபடி உறைய வைப்பதுதான் எனக்குத் தெரிந்து அதிகம் பேர் செய்யும் தவறு. பாக்கெட் வாங்கிய அன்றே, வெட்டும் அளவுக்கு மட்டும் இளகியதும் சதுரங்களாக வெட்டி, நடுவில் பேக்கிங் பேப்பர் வைத்து அடுக்கி, நன்றாகச் சுற்றி ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். பிறகு தேவைக்கு ஒன்றாக எடுக்கலாம். வெட்டும்போது கூரான கத்தியை நேராக அழுத்தி எடுக்க வேண்டும். டம்ளரை வைத்துத் திருகினால் ஓரங்கள் நசுங்கி ஒட்டிக்கொள்ளும். மேலே முட்டை தடவும்போது பக்கவாட்டில் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவும் அடுக்குகளை ஒட்டிவிடும். ஓவன் 200 டிகிரிக்குக் குறையக் கூடாது.

பழம் வைக்கும்போது அடி நமுத்துப்போனால் காரணம் டின்னில் உள்ள பாகு. பழத்தை வடித்து, துணியால் ஒற்றி எடுத்து, அரைத் தேக்கரண்டி கார்ன்ஃப்ளார் தூவிப் புரட்டுங்கள். உறைந்த பழம் என்றால் இளக வைக்காமல் அப்படியே போடலாம், இளகினால் தண்ணீர் விடும். ஷீட்டின் நடுவே முள்கரண்டியால் குத்தி, சுற்றி 1 செ.மீ. ஓரம் விட்டுவிட்டால் ஓரம் எழும்பி பழத்தைத் தாங்கும்.

மேலே பிஸ்கட் தூள் போடுபவர்கள் கடைசி 7, 8 நிமிடத்தில் போடுங்கள். அது ஏற்கெனவே வெந்த பொருள், முதலிலேயே போட்டால் கருகும். நடுவில் உருகி ஓடும் சாக்லேட் வேண்டுமென்றால் சாக்லேட் சிப்ஸைவிட பார் சாக்லேட் சரிவரும். சிப்ஸில் பல வகைகள் சூட்டிலும் உருவம் கலையாமல் இருப்பதற்கென்றே தயாரிக்கப்படுபவை.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கண்ணாடிக் கிண்ணத்தை நேரே சூடான ஓவனில் வைக்காதீர்கள், விரிசல் விடும். கரைத்த மாவை நக்கிப் பார்ப்பதும் வேண்டாம். முட்டை சேர்க்காவிட்டாலும் வேகாத மாவிலேயே கிருமி இருக்கலாம். குழந்தைகள் பக்கத்தில் நின்றால் கரண்டியை அவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள்.

மிக்ஸிலேயே சர்க்கரை நிறைய இருப்பதால் மேலே பாகோ கண்டென்ஸ்டு மில்க்கோ ஊற்றினால் திகட்டும். அதற்குப் பதில் மாவில் ஒரு சிட்டிகை உப்பு, பழத்தில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு. வெளியே எடுத்ததும் 5 நிமிடம் பொறுங்கள். மேலே ஆறியதுபோல் இருந்தாலும் உள்ளே இருக்கும் பழக்குழம்பு நாக்கைப் பொசுக்கிவிடும்.