முடிவெடுக்கும் இடத்தில் மக்களை உட்காரவையுங்கள்: ஆரம்ப சுகாதாரப் பணியில் ஊரைச் சேர்த்துக்கொள்ளும் வழி

சுகாதார நிலையம் ஒன்றுக்குப் பொறுப்பேற்றிருக்கிறீர்கள். மக்கள் பங்கேற்பு வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கையும் வந்துவிட்டது. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அப்படி நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் செவிலியராக வேலைக்குச் சேர்ந்து, அப்புறம் ஊர் மக்களைக் கொண்ட நலக்குழுக்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பணிக்கு வந்தவள். கூட்டத்தை எப்படி நடத்துவது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். அதற்கு முன்னால் நான் அவர்களிடம் ஒன்று கேட்பேன்: எந்த முடிவை மக்கள் கையில் கொடுக்கப் போகிறீர்கள்?

இதற்குப் பதில் கிடைக்கும்வரை கூட்டம் கூட்ட வேண்டாம். முகாமுக்கு ஆள் திரட்டவும் நோட்டீஸ் கொடுக்கவும் மக்களைக் கூப்பிட்டால் அது உதவி கேட்பது. தாராளமாகக் கேளுங்கள், ஆனால் அதற்குப் பங்கேற்பு என்று பெயர் வைக்காதீர்கள். 1978 செப்டம்பரில் அல்மா-அட்டாவில் (இன்றைய கசகஸ்தானின் அல்மாட்டி நகரம்) உலக சுகாதார அமைப்பும் யுனிசெஃபும் கூட்டிய மாநாட்டின் பிரகடனம், தங்கள் சுகாதாரப் பணிகளைத் திட்டமிடுவதிலும் செயல்படுத்துவதிலும் பங்கெடுப்பது மக்களின் உரிமை, கடமையும்கூட என்றது. செயல்படுத்தும்போது மக்களைக் கூப்பிடுகிறோம். திட்டம் போடும்போது கூப்பிடுவதில்லை. நான் பார்த்த பெரும்பாலான குழுக்கள் படுத்துப்போனதற்கு இதுவே காரணம்.

அதனால் முதல் வேலையாக ஒரு தாளை எடுத்து மூன்றாகப் பிரியுங்கள். உங்கள் அதிகாரத்துக்குள் இருப்பவை ஒரு பக்கம்: நிலையம் திறக்கும் நேரம், தடுப்பூசி போடும் நாள், வெளிக்கள முகாம் எந்தத் தெருவில், காத்திருக்கும் இடத்தை எப்படி அமைப்பது, பராமரிப்புக்கு வரும் சிறு தொகையை எதற்குச் செலவிடுவது. மேலிடம் முடிவு செய்பவை அடுத்த பக்கம்: பணியிடங்கள், மருந்துப் பட்டியல், புதுக் கட்டடம். யார் சொன்னாலும் மாறக்கூடாதவை கடைசியில்: தடுப்பூசியைக் குளிரில் வைக்கும் விதி, ஊசிகளை அப்புறப்படுத்தும் முறை, நோயாளியின் ரகசியம். முதல் கூட்டத்திலேயே இந்தத் தாளை வாய்விட்டுப் படியுங்கள். எது தங்கள் கையில் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மக்கள் மனம்விட்டுப் பேசுவார்கள்.

வராதவர்களைத் தேடிப் போவது

கூட்டத்துக்கு முன்னால் நடக்க வேண்டும். உங்கள் பகுதி முழுவதையும் நடந்து பாருங்கள். அங்கேயே வாழும் இரண்டு மூன்று பேர், அதில் ஒரு பெண்ணாவது, கூட வரட்டும். திரும்பி வந்து தரையில் சாக்பீஸால் வரைபடம் போடச் சொல்லுங்கள். சாக்பீஸ் அவர்கள் கையில்தான் இருக்க வேண்டும். தண்ணீர் எங்கே எடுக்கிறார்கள், கழிவுநீர் எங்கே தேங்குகிறது, மழைக்காலத்தில் எந்தப் பாதை அடைபடுகிறது, இரவில் பிரசவ வலி வந்தால் யார் வண்டி கொடுப்பார்கள் என்பதையெல்லாம் அவர்களே குறிப்பார்கள்.

இப்போது உங்கள் பதிவேட்டை எடுங்கள். முதல் தவணைத் தடுப்பூசி போட்டுவிட்டு மூன்றாம் தவணைக்கு வராத குழந்தைகள், கர்ப்பத்தைப் பதிந்துவிட்டுத் தொடர் பரிசோதனைக்கு வராத பெண்கள், காசநோய் மாத்திரையை நடுவில் விட்டவர்கள். இவர்களின் வீடுகள் எந்தப் பக்கத்தில் அதிகம் என்று உங்கள் சொந்தப் பிரதியில் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பொது வரைபடத்தில் ஒரு பெயரும் ஏறக்கூடாது. புள்ளிகள் பெரும்பாலும் ஒரே பக்கமாகக் குவிந்திருக்கும்: எல்லையில் இருக்கும் குடியிருப்பு, புதிதாக வேலைக்கு வந்தவர்களின் வரிசை வீடுகள், மற்றவர்கள் ஒதுக்கி வைத்த ஒரு சமூகம். உங்கள் முதல் கூட்டத்தை அங்கே வையுங்கள், நிலையத்தில் வேண்டாம். நேரத்தையும் அவர்களே சொல்லட்டும். நமக்குச் சௌகரியமான காலை பதினொரு மணி கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒருநாள் சம்பளம்.

கூட்டத்தில் என்ன பேசுவது

எல்லோரும் ஒரே மட்டத்தில், வட்டமாக உட்காருங்கள். மருத்துவருக்கு நாற்காலி, மற்றவர்களுக்குத் தரை என்றால் மருத்துவர் மட்டும்தான் பேசுவார். வாய் திறக்காதவர்களும் கருத்துச் சொல்ல ஒரு எளிய வழி இருக்கிறது. பிரச்சினைகளைப் படமாக வரைந்து தரையில் வைத்து, ஒவ்வொருவருக்கும் மூன்று கூழாங்கல் கொடுங்கள். எது முக்கியம் என்று நினைக்கிறார்களோ அங்கே வைக்கட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரின் கல்லுக்கும் பெரிய மனிதரின் கல்லுக்கும் எடை ஒன்றுதான். பெண்கள் தனியாக ஒரு முறை வைத்து, ஆண்கள் தனியாக ஒரு முறை வைத்தால் இரண்டு வரிசையும் எவ்வளவு வேறுபடுகிறது என்று எல்லோருமே பார்ப்பார்கள்.

முதலிடம் வந்த பிரச்சினையை எடுத்து, ஏன் என்று கேளுங்கள். வரும் பதிலுக்கும் ஏன் என்று கேளுங்கள். நான் இருந்த ஒரு கூட்டத்தில் குழந்தைகள் இரண்டாம் தவணை ஊசிக்கு வருவதில்லை என்ற பேச்சு வந்தது. பணியாளர்கள் பக்கத்தில் எல்லோரும் சொன்ன காரணம் விழிப்புணர்வு இல்லை என்பது. ஒரு தாய் எழுந்து சொன்னார்: போன முறை ஊசி போட்ட இரவு குழந்தைக்குக் காய்ச்சல், அப்படி வரும் என்று யாரும் சொல்லவில்லை, வீட்டில் மாமியார் இனிமேல் தூக்கிக்கொண்டு போகாதே என்றுவிட்டார். அந்த ஊருக்குச் சுவரொட்டி தேவைப்படவில்லை. ஊசி போட்டதும் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, காய்ச்சல் வரலாம், வந்தால் என்ன செய்வது, எப்போது திரும்பி வருவது என்று சொல்ல ஒரு ஆள் தேவைப்பட்டது. மாமியார்களையும் அழைக்க வேண்டியிருந்தது. விழிப்புணர்வு இல்லை என்ற பதில் வந்தால் அதை நோட்டில் எழுதாதீர்கள். அதற்குப் பின்னால் ஒரு காரணம் கட்டாயம் இருக்கும்.

காரணம் தெரிந்தபின் தீர்வையும் அவர்களிடமே விடுங்கள். நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்தில் நடந்த ஆய்வு 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மருத்துவப் படிப்பு இல்லாத உள்ளூர்ப் பெண்கள் மாதம் ஒருமுறை பெண்கள் குழுக்களைக் கூட்டி, பிரசவத்திலும் சிசுப் பருவத்திலும் வரும் ஆபத்துகளைப் பேசவைத்தார்கள். அவசரத்துக்குப் பொது நிதி, நோயாளியைத் தூக்கிப் போக ஸ்ட்ரெச்சர், சுத்தமான பிரசவப் பொருள் பெட்டி, புதிதாகக் கருவுற்றவர் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது ஆகிய ஏற்பாடுகள் அந்தக் குழுக்களிலிருந்தே வந்தவை. பிறந்து 28 நாட்களுக்குள் இறக்கும் சிசுக்களின் விகிதம் அந்தப் பகுதிகளில் மற்றவற்றைவிட 30 சதவீதம் குறைவாக இருந்தது. இதை வாசித்தபோது நான் பயிற்சி முறையையே மாற்றிக்கொண்டேன். சொல்லிக்கொடுப்பதைக் குறைத்துக் கேட்பதைக் கூட்டினேன்.

ஆனால் ஒரு ஊருக்கு ஒரு குழு என்று வைத்துவிட்டு முடிந்தது என்று இருக்க முடியாது. வங்கதேசத்தில் முதல் முறை 1,414 பேருக்கு ஒரு குழு என்று அமைத்தபோது சிசு மரணம் குறிப்பிடும்படி குறையவில்லை. பிறகு 309 பேருக்கு ஒன்று என்று நெருக்கமாக அமைத்தார்கள், 38 சதவீதம் குறைந்தது. வங்கதேசம், இந்தியா, நேபாளம், மலாவி ஆகிய நாடுகளின் ஏழு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2013ஆம் ஆண்டு அலசலும் இதையே காட்டியது: கர்ப்பிணிகளில் 30 சதவீதம் பேராவது கூட்டங்களுக்கு வந்த இடங்களில்தான் பலன் பெரிதாக இருந்தது. ஆகவே கூட்டம் நடந்ததா என்பதோடு, வரவேண்டியவர்களில் எத்தனை பேர் வந்தார்கள் என்றும் ஒவ்வொரு மாதமும் எண்ணுங்கள்.

குழுவில் யார்

பெரிய மனிதர்களை மட்டும் வைத்துக் குழு அமைத்தால் சீக்கிரம் கையெழுத்து கிடைக்கும், வேறொன்றும் கிடைக்காது. பிரேசிலில் 1990இல் வந்த ஒரு சட்டம், சுகாதார மன்றங்களில் பாதி இடம் சேவையைப் பயன்படுத்தும் மக்களுடையது என்று விதித்தது. உங்கள் குழுவுக்கும் இதையே அளவாக வைத்துக்கொள்ளலாம். அந்தப் பாதியில் நாள்பட்ட நோயோடு வாழும் ஒருவர், கைக்குழந்தை உள்ள தாய் ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர், வரைபடத்தில் புள்ளிகள் குவிந்த பகுதியிலிருந்து குறைந்தது இரண்டு பேர் இருக்கட்டும். அந்தப் பகுதிக்காரர் ஒருவரை மட்டும் தனியாகக் கொண்டுவந்து உட்கார வைத்தால் அவர் பேச மாட்டார். பதவிக்காலத்தை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். தலைவரும் நிலையத்தின் பொறுப்பாளரும் ஒரே ஆளாக இருக்க வேண்டாம்.

தீர்மான நோட்டில் ஒவ்வொரு முடிவுக்கும் நேராக யார், எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். அடுத்த கூட்டம் அந்தப் பக்கத்தைப் படிப்பதில் தொடங்கட்டும். நடக்காததை நடக்கவில்லை என்று சொல்லி, காரணத்தையும் சொல்லுங்கள். பதில் வராத கூட்டத்துக்கு மக்கள் இரண்டாம் முறை வரலாம், மூன்றாம் முறை வரமாட்டார்கள்.

கணக்கும் எண்ணும் எல்லோர் கண்ணிலும்

நிலையத்தின் வாசலில் ஒரு பலகை. இந்த மாதம் தடுப்பூசிக்கு வரவேண்டிய குழந்தைகள், வந்தவர்கள், இருப்பில் இல்லாத மருந்துகள், வந்த பணம், செலவான பணம். எழுத்தோடு படமும் போடுங்கள். பணத்துக்கு எப்போதும் இரண்டு கையெழுத்து, அதில் ஒன்று மக்கள் பிரதிநிதியுடையது. ஆனால் எண்ணிக்கை மிகச் சிறியதாக இருந்தால் பெயர் எழுதாவிட்டாலும் ஆள் தெரிந்துவிடும். எச்.ஐ.வி., காசநோய், மனநலம், கருக்கலைப்பு பற்றிய எண்கள் பலகைக்கு வரக்கூடாது, குழுவுக்கும் வரக்கூடாது. இதில் எனக்குச் சமரசமே கிடையாது. ஒருவரின் நோய் ஒருமுறை வெளியே வந்துவிட்டால், அவரோடு சேர்ந்து பத்துக் குடும்பங்கள் நிலையத்துக்கு வருவதை நிறுத்திவிடும்.

பணியாளர்களின் நடத்தை, காத்திருக்கும் நேரம், மருந்து கிடைப்பது ஆகியவற்றைப் பேச மதிப்பெண் அட்டை நல்ல கருவி. கேர் என்ற சர்வதேசத் தொண்டு அமைப்பு 2002இல் மலாவியில் உருவாக்கிய முறை இது. மக்கள் தனியாக மதிப்பெண் போடுவார்கள், பணியாளர்களும் தங்களுக்குத் தனியாகப் போட்டுக்கொள்வார்கள், பிறகு இரண்டு தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து அடுத்து என்ன செய்வது என்று ஒப்புக்கொள்வார்கள். பணியாளர்கள் தனியாக உட்காரும் படியைத் தாண்டிப் போகாதீர்கள். தயாராகாமல் வரும் செவிலியருக்கு அந்தக் கூட்டம் விசாரணை மாதிரி ஆகிவிடும். இரண்டு பேர் பார்க்க வேண்டிய வேலையை ஒருவர் பார்ப்பதும் மக்கள் காதில் விழ வேண்டும். ஆளின் பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்டாமல் சேவையைப் பற்றிப் பேசுவது என்ற விதியை முதலிலேயே எல்லோரும் ஏற்கட்டும். லஞ்சம், தகாத நடத்தை போன்ற புகார்களுக்குத் தனி வழி இருக்க வேண்டும்.

அட்டையை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது. உகாண்டாவில் 50 சமூகங்களை எடுத்து, அவற்றில் பாதியில் தகவலைக் கொடுத்து, மக்களையும் பணியாளர்களையும் சந்திக்க வைத்த ஆய்வு ஒன்று 2009இல் வெளிவந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக அது சொன்னது. அதே நாட்டில் பிறகு 376 சுகாதார நிலையங்களை வைத்து ஆய்வு செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது, மருந்தும் ஆளும் அனுப்பும் மேலிடத்தையும் பேச்சுக்குள் இழுக்க வேண்டும் என்பதை. தாளின் இரண்டாவது பக்கத்தில் இருப்பவற்றைக் குழுவின் பெயரில், தேதி போட்டு, எழுத்தில் அனுப்புங்கள். நகலைப் பலகையில் ஒட்டுங்கள். தனியாக நீங்கள் அனுப்பும் கடிதம் கோப்பில் தங்கும். குழு அனுப்பும் கடிதத்துக்குப் பதில் வாங்க ஐந்து பேர் நேரில் போவார்கள்.

தன்னார்வலர்கள் விஷயத்தில் ஒன்று மட்டும். மாதத்தில் சில மணி நேரம் என்றால் தன்னார்வம் சரி. தினமும் வீடு வீடாகப் போய், எடை பார்த்து, பதிவேடு எழுதி, நோயாளியை அழைத்து வருவது வேலை, அதற்குச் சம்பளம் வேண்டும். உலக சுகாதார அமைப்பின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல், சமூக சுகாதாரப் பணியாளர்களுக்கு அவர்கள் செய்யும் பணிக்கு ஏற்ற ஊதியம் கொடுக்கச் சொல்கிறது. இந்தப் பணியைச் சுமப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சேவை மனப்பான்மை என்று புகழ்ந்து அவர்கள் உழைப்பை இலவசமாக வாங்காதீர்கள்.

குழு உங்கள் கருத்துக்கு எதிராக முடிவெடுக்கும் நாளும் வரும். நீங்கள் கொசு ஒழிப்பை முதலில் எடுக்க நினைத்திருப்பீர்கள், அவர்கள் பிரசவ அறைக்குக் கதவு கேட்பார்கள். தாளின் முதல் பக்கத்தில் இருக்கும் விஷயம் என்றால் கதவைப் போடுங்கள். உங்கள் காரணத்தை ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டு, கொசுவை அடுத்த கூட்டத்துக்கு எடுத்துப் போங்கள். கூழாங்கற்களை மறுபடியும் வைக்கச் சொல்லுங்கள்.

இடமாற்ற உத்தரவு வந்தால், கிளம்பும் முன் புதிதாக வருபவரைக் குழுவின் கூட்டத்துக்கு அழைத்துப் போங்கள். அவரை அறிமுகம் செய்யும் வேலை குழுத் தலைவருடையது. தீர்மான நோட்டு, கணக்குப் புத்தகம், மூன்றாகப் பிரித்த தாள் எல்லாம் குழுவிடமே இருக்கட்டும். நிலையத்துக்கு நகல் போதும். பாதியில் நிற்கும் தீர்மானங்களை அந்தக் கூட்டத்திலேயே படித்து, புதியவரின் பெயரையும் தேதியையும் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.