பூச்சும் பிளாஸ்டிக்கும் எவ்வளவு தாங்கும்: சோதித்துப் பார்க்கும் முறை

"உப்புப் பனிப் பெட்டியில் 1000 மணி நேரம் தாங்கியது" என்று அறிக்கை வருகிறது. உப்புநீரை மூடுபனிபோல் பீச்சித் துருவை வரவழைக்கும் சோதனைப் பெட்டி அது. அந்தப் பெயின்ட் வெளியில் எத்தனை ஆண்டு நிற்கும் என்று உடனே கேட்கத் தோன்றும். அந்த 1000-ஐ வைத்துக்கொண்டு அதைச் சொல்ல வழியே இல்லை. துரிதச் சோதனை உருப்படியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: பக்கத்தில் வைத்த, ஏற்கெனவே குணம் தெரிந்த இன்னொரு பூச்சைவிட இது மேலா, கீழா என்பது. கீழே சொல்வதெல்லாம் அந்த ஒப்பீட்டைக் கெடுக்காமல் செய்வது எப்படி என்பதற்காகத்தான்.

எதனால் கெடும் என்று முதலில் எழுதுங்கள்

பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் முன், பொருள் எப்படிச் சாகப்போகிறது என்று ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். எபாக்ஸி பூச்சு வெயிலில் பளபளப்பை இழந்து வெள்ளைப் பொடியாக உதிரும். ஆனால் அடியில் இருக்கும் எஃகைத் தொடர்ந்து காத்துக்கொண்டிருக்கும். அதற்கு உப்புப் பனிச் சோதனை நல்ல மதிப்பெண் கொடுத்தால் வெயிலைப் பற்றி ஒன்றும் தெரியாது. பாலிப்ரொப்பிலீனுக்கு எமன் புற ஊதா ஒளியும் ஆக்சிஜனும். பெட் (தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்), நைலான் போன்றவற்றைச் சூடான ஈரம் நீராற்பகுத்துச் சங்கிலியை அறுக்கும். பாலிகார்பனேட் வெயிலில் மஞ்சளாகும். அதோடு இழுவிசையில் இருக்கும்போது பொருந்தாத கரைப்பான் பட்டால் சில நிமிடத்திலேயே விரிசல் விடும். இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சோதனை வேண்டும்.

பிறகு ஒப்பீட்டு மாதிரிகள். களத்தில் நன்றாக உழைத்த பூச்சு ஒன்று, சீக்கிரம் கெட்டுப்போன பூச்சு ஒன்று, இரண்டையும் ஒவ்வொரு ஓட்டத்திலும் சேருங்கள். இவ்விரண்டையும் வரிசை மாற்றிக் காட்டுகிற சோதனை உங்கள் வேலைக்கு உதவாது. ஒவ்வொரு வகையிலும் 3 தகடு பெட்டிக்குள், 1 தகடு இருட்டில், அறை வெப்பத்தில். கடைசியில் நிறத்தையும் பிடிப்பையும் இந்த இருட்டுத் தகட்டோடுதான் ஒப்பிட வேண்டும்.

தகடு தயாரித்தல்: பாதிச் சோதனை இங்கேயே முடிந்துவிடுகிறது

கெட்டுப்போன முடிவுகளில் பெரும்பாலானவை பெட்டியில் கெடுவதில்லை, தகட்டிலேயே கெட்டுவிடுகின்றன. கனமான பாதுகாப்புப் பூச்சுக்கு 150 × 70 மி.மீ. அளவும் 3 மி.மீ. தடிமனும் உள்ள எஃகுத் தகடு போதும். முதலில் கரைப்பானால் எண்ணெயைத் துடையுங்கள், பிறகு மணல்வீச்சு. வரிசையை மாற்றினால் எண்ணெய் எஃகின் குழிகளுக்குள் அடித்து இறக்கப்படும். துப்புரவு எஸ்ஏ 2½ தரத்துக்கு, அதாவது துருவும் பழைய பூச்சும் ஏறக்குறைய முழுதும் நீங்கிய நிலைக்கு, வர வேண்டும். வீசி முடித்த தகட்டை வெறுங்கையால் தொடக்கூடாது, ஏனென்றால் விரல் வியர்வையின் உப்பு பின்னாளில் விரல் வடிவிலேயே கொப்புளமாக எழும்.

பூசிய பின் உலர் தடிமனைத் தகட்டுக்கு 5 இடத்தில் அளந்து எழுதுங்கள். ஒரு பூச்சு 70 மைக்ரான், மற்றது 100 மைக்ரான் என்றால் நீங்கள் ஒப்பிடுவது பெயின்டை அல்ல, தடிமனை. வித்தியாசம் 10 விழுக்காட்டைத் தாண்டும் தகடுகளைத் தயங்காமல் ஒதுக்குங்கள். விளிம்பில் பெயின்ட் எப்போதும் மெலிந்தே நிற்கும். அங்கே மெழுகோ, எபாக்ஸியோ, ஒட்டு நாடாவோ கொண்டு அடைக்காவிட்டால் துரு விளிம்பிலிருந்து உள்ளே நடந்து வந்து முடிவைக் குழப்பும். தகட்டின் பின்புறத்தையும் பூசுங்கள்.

பதப்படுத்தல் 23 டிகிரி செல்சியஸ், 50 விழுக்காடு ஈரப்பதம், 7 நாள். அவசரப்பட்டு மூன்றாம் நாளே பெட்டியில் வைத்தால், தங்கிய கரைப்பான் வெப்பத்தில் கொப்புளம் எழுப்பும். பழி பெயின்டின் மீது விழும். இரண்டு பொருளைக் கலந்து பூசும் இரட்டைக் கலவைப் பூச்சு முறையாக இறுகியதா என்று சந்தேகம் இருந்தால், எம்.இ.கே. (மெத்தில் எத்தில் கீட்டோன்) கரைப்பானில் நனைத்த துணியால் 50 முறை முன்னும் பின்னும் தேய்த்துப் பாருங்கள். நிறம் துணியில் வந்தால் இன்னும் இறுகவில்லை. இதை உதிரித் தகட்டில் செய்யவும்.

தகட்டின் அடையாள எண்ணை எஃகிலேயே பொறியுங்கள். மார்க்கர் பேனா எழுத்து புற ஊதா ஒளியில் காணாமல் போகும்.

உப்புப் பனி

சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 9227, அமெரிக்கத் தரநிலையான ஏஎஸ்டிஎம் பி117 இரண்டும் ஏறக்குறைய ஒரே அமைப்பு. லிட்டருக்கு 50 கிராம் சோடியம் குளோரைடு, பெட்டிக்குள் 35 டிகிரி. கட்டிபிடிக்காமல் இருக்க வேதிப்பொருள் சேர்த்த உப்பு கூடாது. அந்தச் சேர்க்கைகள் சில அரிப்பைத் தடுக்கும். சேகரித்த பனிநீரின் பி.எச். 6.5 முதல் 7.2-க்குள் இருக்க வேண்டும். தொட்டியில் சரியாக இருந்த பி.எச். பெட்டிக்குள் ஏறிவிடுகிறதே என்று பலர் குழம்புவார்கள். குளிர்ந்த நீரில் கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடு 35 டிகிரியில் வெளியேறிவிடுவதுதான் காரணம். ஆகவே கரைசலைச் சூடாக்கி, வாயுவைப் போக்கி, ஆறவைத்த பிறகு பி.எச். சரிசெய்யுங்கள்.

பனி எவ்வளவு விழுகிறது என்பதை 80 சதுர செ.மீ. பரப்புள்ள புனல்களால் அளக்க வேண்டும், 10 செ.மீ. விட்டமுள்ள புனல் ஏறக்குறைய இதே அளவு. பீச்சுமுனைக்கு அருகே ஒன்று, தூரத்தில் ஒன்று. மணிக்கு 1 முதல் 2 மி.லி. சேர வேண்டும், ஆக 16 மணி நேரத்தில் 16 முதல் 32 மி.லி. அருகில் நிறைந்து தூரத்தில் காய்ந்தால் பீச்சுமுனையில் உப்பு அடைத்திருக்கும், அல்லது காற்றை ஈரமாக்கும் கோபுரத்தில் நீர் வற்றியிருக்கும். தகடுகளைச் செங்குத்திலிருந்து 20 டிகிரி சாய்த்து வையுங்கள். ஒன்றின் சொட்டு இன்னொன்றின் மேல் விழக்கூடாது. பெட்டியே சரியாக வேலை செய்கிறதா என்பதற்கு, எடை பார்த்த பூச்சில்லாத எஃகுத் தகடுகளை 48 மணி நேரம் வைத்துத் துருவை வேதிமுறையில் நீக்கி மறுபடி எடை போடுங்கள். சதுர மீட்டருக்கு 50 முதல் 90 கிராம் இழப்பு இருந்தால் பெட்டி நலம்.

கீறல் போடுவதில் அலட்சியம் வேண்டாம். 2 மி.மீ. அகலம், 50 மி.மீ. நீளம், எஃகு தெரியும் வரை. கத்தியால் கையால் இழுத்த கீறல் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு ஆழம். அரவைக் கருவியால் போடுவது நல்லது. உலோகம் எட்டியதா என்பதை மல்டிமீட்டரால் உறுதிசெய்யுங்கள். துத்தநாக முலாமிட்ட எஃகென்றால் முலாமோடு நிறுத்துவதா, எஃகு வரை போவதா என்பதை முன்பே தீர்மானித்துப் பதிவுசெய்யுங்கள்.

முடிந்ததும் ஓடும் நீரில் கழுவி, கீறலை ஒட்டித் தளர்ந்த பூச்சைக் கத்தி முனையால் சுரண்டி, அரிப்பின் அகலத்தை 9 இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். அதிலிருந்து கீறலின் தொடக்க அகலத்தைக் கழித்து 2-ஆல் வகுத்தால் ஒரு பக்கத்துப் பரவல் கிடைக்கும். சராசரி 8 மி.மீ., கீறல் 2 மி.மீ. என்றால் பரவல் 3 மி.மீ. கொப்புளத்தை ஐஎஸ்ஓ 4628-இன் படங்களோடு ஒப்பிட்டு அளவு, அடர்த்தி இரண்டையும் எழுதுங்கள்.

ஒரு குறை உண்டு: இந்தப் பெட்டியில் தகடு ஒருபோதும் காய்வதில்லை. துத்தநாகம் வெளியில் நனைந்து காய்ந்து நனைந்துதான் தன்னைக் காக்கும் படலத்தை உண்டாக்கிக்கொள்கிறது. பெட்டியில் அதற்கு வாய்ப்பே இல்லை. ஆகவே நல்ல துத்தநாகப் பூச்சும் இங்கே மட்டமாகத் தெரியும். கடலோரக் கட்டமைப்புகளுக்கு ஐஎஸ்ஓ 12944-9 சொல்லும் சுழற்சி மேலானது: 72 மணி புற ஊதாவும் நீர்ப்படிவும் (ஆவி குளிர்ந்து தகட்டில் நீராகப் படிவது), 72 மணி உப்புப் பனி, 24 மணி மைனஸ் 20 டிகிரி. ஆக ஒரு வாரம் ஒரு சுற்று. 25 சுற்று, 4200 மணி நேரம்.

ஒளியும் ஈரமும்

ஒளிர்குழல் பெட்டிக்கு, அதாவது ஏஎஸ்டிஎம் ஜி154 முறைக்கு, வழக்கமான சுழற்சி 60 டிகிரியில் 8 மணி நேர புற ஊதா, 50 டிகிரியில் 4 மணி நேர நீர்ப்படிவு. விளக்கு யுவிஏ-340, 340 நானோமீட்டரில் சதுர மீட்டருக்கு 0.89 வாட். யுவிபி-313 விளக்கு சீக்கிரம் முடிவு தரும் என்று ஆசை காட்டும். ஆனால் தரையை எட்டும் வெயிலில் 295 நானோமீட்டருக்குக் கீழே ஒளி கிட்டத்தட்ட இல்லை. அந்த விளக்கோ அங்கேயும் வீசுகிறது. வெளியில் உடையாத பிணைப்புகளை அது உடைத்து, நல்ல பூச்சைக் கெட்டதாகவும் கெட்டதை நல்லதாகவும் காட்டிவிடும். ஒரே கலவையின் தரத்தை மாதாமாதம் சரிபார்ப்பதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

மணி நேரத்தோடு கதிர்வீச்சின் அளவையும் எழுதுங்கள். மேலே சொன்ன சுழற்சியில் 1000 மணி நேரம் என்றால் ஒளி எரிந்தது சுமார் 667 மணி. 340 நானோமீட்டரில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 2.1 மெகாஜூல். இந்த எண் இல்லாத அறிக்கையை இன்னொரு பெட்டியின் அறிக்கையோடு ஒப்பிட முடியாது.

நீர்ப்படிவு நடப்பது தகட்டின் பின்புறம் அறைக்காற்றால் குளிர்வதால். தடித்த பிளாஸ்டிக், நுரை, மரம் ஆகியவற்றின் முகத்தில் போதிய நீர் படியாது. அவற்றுக்கு நீர்த்தெளிப்பு உள்ள பெட்டி தேவை. காலி இடங்களை வெற்றுத் தகடுகளால் மூடாவிட்டால் ஆவி கசிந்து எல்லாத் தகடும் வறண்டுபோகும். ஓரத்தில் ஒளி குறைவு, ஆகவே வாரம் ஒருமுறை தகடுகளை இடம் மாற்றுங்கள்.

நிறமாற்றம்தான் கேள்வி என்றால் செனான் விளக்கே சரி, அதன் ஒளி கண்ணுக்குத் தெரியும் பகுதியிலும் வெயிலை ஒத்திருக்கும். வெளிப்பயனுக்குப் பகலொளி வடிகட்டி, வீட்டுக்குள் பயன்படும் பொருளுக்குச் சன்னல் கண்ணாடி வடிகட்டி. தெளிப்பு நீரில் சிலிக்கா 0.2 பிபிஎம்-க்குக் (பத்து லட்சத்தில் 0.2 பங்கு) கீழ் இருக்க வேண்டும். தகட்டில் வெள்ளைத் திட்டு படிந்து, துடைத்தாலும் போகாவிட்டால் அது பெயின்ட் பொடிவது அல்ல, சிலிக்கா.

பளபளப்பை 60 டிகிரி கோணத்தில் அளவிடுங்கள். 70 அலகுக்கு மேல் போனால் 20 டிகிரி, 10-க்குக் கீழ் என்றால் 85 டிகிரி. தகட்டின் பாதியைக் கழுவியும் பாதியைக் கழுவாமலும் அளந்தால், அழுக்கு எவ்வளவு, நிஜமான இழப்பு எவ்வளவு என்று பிரிந்து தெரியும்.

பிடிப்பு

குறுக்குவெட்டுச் சோதனை 250 மைக்ரான் வரைதான். எஃகின் மேல் 60 மைக்ரான் வரை 1 மி.மீ. இடைவெளி, 120 வரை 2, 250 வரை 3. இரு திசையிலும் 6 வெட்டு, நாடா ஒட்டி 5 நிமிடத்துக்குள் 60 டிகிரி கோணத்தில் ஒரு நொடிக்குள் இழுங்கள். ஐஎஸ்ஓ அளவில் 0 என்றால் மிக நன்று. ஏஎஸ்டிஎம் அளவில் அதே நிலை 5பி, 0பி என்பது படுமோசம். எந்த அளவுகோல் என்று எழுதாத '0' ஆபத்தானது.

தடித்த பூச்சுக்கு 20 மி.மீ. உலோகக் குமிழை ஒட்டி இழுக்கும் சோதனை. வேகம் நொடிக்கு 1 மெகாபாஸ்கலைத் தாண்டக்கூடாது. கிடைத்த எண்ணைவிட எங்கே பிரிந்தது என்பதே முக்கியம்: எஃகிலிருந்தா, பிரைமர் என்னும் அடிப்பூச்சுக்கும் மேற்பூச்சுக்கும் நடுவிலா, பசையிலா. பசை விட்டுப்போனால் அந்த எண் பூச்சின் பிடிப்பல்ல, அதன் கீழ் எல்லை மட்டுமே. பெட்டியிலிருந்து எடுத்த உடனே இழுத்த தகடும் ஒரு வாரம் உலர்த்திய பின் இழுத்த தகடும் வேறு வேறு எண் தரும். எது என்று சொல்லுங்கள்.

பாலிமரை வெப்பத்தில் முதுமையாக்குதல்

பிளாஸ்டிக்கில் இழுவலிமை கடைசியில்தான் சரியும். முறியும்போது எவ்வளவு நீள்கிறது என்பதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். அந்த நீட்சி தொடக்க அளவில் பாதியாகும் நேரத்தையே ஆயுள் என்று வைத்துக்கொள்வது வழக்கம். அகச்சிவப்பு நிறமாலையில் 1715 செ.மீ.⁻¹ அருகே எழும் கார்போனைல் உச்சமும் ஆக்சிஜனேற்றத்தைச் சொல்லும். ஆனால் பரப்பைத் தொட்டு நிறமாலை எடுக்கும் ஏடிஆர் முறை மேல் ஓரிரு மைக்ரானை மட்டுமே பார்க்கிறது. உள்ளே பொருள் புதிதாகவே இருக்கலாம்.

குறைந்தது 3 வெப்பநிலைகளில் அடுப்பில் வைத்து, ஆயுளின் மடக்கையைக் கெல்வின் வெப்பநிலையின் தலைகீழுக்கு எதிராக வரையுங்கள். கோடு நேராக வந்தால்தான் கீழ் வெப்பநிலைக்கு நீட்டலாம். உருகுநிலையையோ விறைத்த பிளாஸ்டிக் இளகத் தொடங்கும் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலையையோ தாண்டினால் கெடும் விதமே மாறிவிடும். அந்தப் புள்ளி கோட்டில் சேராது. 10 டிகிரி ஏறினால் கெடும் வேகம் இருமடங்காகும், அதாவது "10 டிகிரிக்கு இருமடங்கு" என்ற வாய்மொழி விதி, 25 டிகிரி அருகே மோலுக்குச் சுமார் 53 கிலோஜூல் கிளர்வாற்றல் (கெடும் வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல்) இருந்தால் சரி. 100 டிகிரி அருகே அதற்குச் சுமார் 82 தேவை.

நீட்டிக் கணக்கிடுவது எவ்வளவு வழுக்கும் என்பதற்கு ஒரு கணக்கு: 110 டிகிரியில் 1000 மணி நேரம் தாங்கிய பொருளுக்கு, கிளர்வாற்றல் 90 கிலோஜூல் என்றால் 40 டிகிரியில் சுமார் 63 ஆண்டு வரும். அதையே 80 என்று எடுத்தால் 31 ஆண்டு. 3 புள்ளிகள் வழியே வரைந்த கோட்டில் 10 கிலோஜூல் பிழை சாதாரணமாக வரும். ஆகவே விடையை ஒற்றை எண்ணாக எழுதாமல் இரு எல்லைகளையும் எழுதுங்கள். நாலாவது அடுப்பைப் பயன்பாட்டு வெப்பநிலைக்கு முடிந்த அளவு அருகில் வைத்து, மற்ற மூன்றும் முடிந்த பிறகும் ஓடவிடுங்கள்.